பக்கத்து வீட்டுப் புகை

ஸ்டெல்லா காலமான செய்தியை அவருடைய தம்பி கினிகத்தேனையிலிருந்து தொலைபேசியில் சொன்னார். என் கணவர் இறந்தபோதுகூட நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, வந்தவர்களை வரவேற்றவள் நான். ஸ்டெல்லாவின் செய்தி வந்த அன்று உட்கார முடியவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு வாக்குவாதம் முடியாமல் இருந்தது.

தேயிலைத் தோட்டத்துக் கர்ப்பிணிகள் சுவாசிக்கும் அடுப்புப் புகை, பிறக்கும் குழந்தையின் எடையைக் குறைக்கிறதா என்று புள்ளிவிபரங்களைக் கொண்டு ஆராய்ந்தவர் அவர். தாய்மாரிடம் கேட்கும் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான். கன்னியர் மடத்தில் படித்த ஆசிரியை. என் வாக்கியத்தில் பிழை இராது. "இலக்கணம் சரிதான் டீச்சர். பதில்தான் சரியில்ல" என்றார் ஒருநாள். விறகு எரிக்கும் வீடுகளைப் போலவே காஸ் அடுப்பு வீடுகளிலும் குழந்தைகள் எடை குறைந்து பிறந்திருந்தன. புகையால் தீங்கில்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றார்கள் உடன் வேலை செய்தவர்கள். ஸ்டெல்லா கையெழுத்திட மறுத்தார்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள் கொண்ட லயம் ஒன்றுக்கு என்னையும் இழுத்துச் சென்றார். நிறைமாதப் பெண் ஒருத்தி காஸ் அடுப்பில் தேநீர் வைத்தாள். ஸ்டெல்லாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

"வீட்ல புகையே இல்லன்னு சொன்னீங்களேம்மா?"

"எங்க வீட்ல இல்லைங்க மிஸ். இது பக்கத்து வீட்டுப் புகை. அந்த அக்காவோட பேச்சுவார்த்தை கெடையாது. புகை மட்டும் வந்து போகுது."

ஸ்டெல்லா அண்ணாந்து பார்த்தார். இரு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடவில்லை.

"நாம வீடு வீடா எண்ணிட்டோம் டீச்சர். லயத்த எண்ணியிருக்கணும்."

கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். நோய் வந்த பிறகும் விடவில்லை. புதிய கேள்வியில்தான் நாங்கள் மோதிக்கொண்டோம். "உங்கள் இல்லத்தினுள் புகை பரவுகிறதா?" என்று நான் எழுதினேன். "யார் வீட்டுப் புகை உங்களுக்கு வருகிறது?" என்று கேட்க வேண்டும் என்றார் அவர். கோள் மூட்டுவது போலிருக்கிறது, சண்டை வரும் என்றேன்.

"சண்ட வந்தாலும் பரவால்ல டீச்சர். பதில் வரணும்."

அடக்கம் முடிந்து திரும்பியதும் அவர் சொன்னபடியே கேள்வியை எழுதி, பணியைத் தொடர்பவர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. கேட்க வேண்டிய லயங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் கேட்டு முடிக்கும்வரை "தீங்கில்லை" என்ற சொல்லை எவரும் எழுத நான் விடப்போவதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும், என் கண் சுவரின் உச்சிக்குப் போகிறது.