வைக்கோல் தின்ற ஆடு

பட்டணத்திலிருந்து ஒரு சார் கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிக்கு வந்து, அசையும் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். முதலில் கையால், பிறகு கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் இரண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை யாருடைய படம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒழுங்காக ஓடுகிறதோ அவர்களுக்குத்தான் அதில் இடம் என்று சொல்லிவிட்டார்.

எட்டாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அந்த இடம் வேண்டும் என்று உயிரே போனது. ஒரு தாளுக்கு ஒரு படம், தொண்ணூறு தாளாவது வேண்டும். வீட்டில் அவ்வளவு தாள் சேர்ந்தாற்போல் இருந்தது தினசரிக் காலண்டரில்தான். மேலிருந்த தொண்ணூறு தாள்களின் மூலையில் எங்கள் ஆட்டை வரைந்தேன். மொத்தமாகத் தூக்கி விட்டால் தாள்கள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக விழும். ஆடு நடந்து வந்து, மேலே இருக்கும் ஐந்து தாளில் வைக்கோலைத் தின்னும். வியாழக்கிழமை முடித்துவிட்டு, பெரிய மேதாவி போலப் படுத்தேன்.

வெள்ளி காலையில் அப்பா வழக்கம்போல் முந்தின நாள் தாளைக் கிழித்தார். ஆடு விழுங்குகிற படம் போயிற்று. இப்படியே போனால் திங்களன்று ஆடு வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் அழுத அழுகையில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

அப்பா படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "ஆடு இன்னாத்துக்கு இம்மாந்தூரம் நடக்குது?" என்றார்.

"வைக்கோல் தின்னத்தான் நைனா. அதத்தான் நீ கியிச்சிக்கினு கீற."

அப்பா களத்து வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாளும் கிழிக்கிற சத்தம் கேட்டது. போச்சு என்று எழுந்து பார்த்தால் மேலே வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. அப்பா கையில் ஆகஸ்ட் மாதத்துத் தாள். சரிதான், மனிதருக்குத் தேதியே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் படம் பிழைத்ததே.

தினமும் தாள் கிழிவதைக் கேட்ட அம்மா காலண்டரைச் சந்தேகப்படவே இல்லை. அறுவடை நாளில் கிழமை யாருக்கு நினைவிருக்கும்? சனிக்கிழமையும் வீடு மெழுகி விளக்கேற்றினாள். ஞாயிறன்று பக்கத்து வீட்டு அத்தை கறி வாங்கி வர, "வெள்ளிக்கெயமையில கறி திங்கிற வூட்ல லட்சுமி தங்குவாளா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவைத்தாள். தெருவே சிரித்தது. அன்று அப்பாவுக்கு விழுந்த திட்டு கொஞ்சமல்ல. மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். திங்கள் காலையிலும் ஆட்டுத் தாள்களின் அடியிலிருந்துதான் ஒன்றைக் கிழித்தார்.

காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். ஆடு வந்தது, வைக்கோலைத் தின்றது. கூட்டம் கைதட்டியது. எனக்குக் கம்ப்யூட்டரில் இடம் கிடைத்தது.

சார் மட்டும் தகரப் பட்டையோரம் கிழிந்திருந்த அடித்தாள்களைத் தடவிப் பார்த்தார். தொடக்கத்து நடையைக் குறைத்து, முடிவில் கை வைக்காமல் விட்டது யார் என்று கேட்டார்.

"எங்க நைனா சார். அவருக்குக் காலண்டர் கிழிக்கக்கூடத் தெரியாது" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் ஏன் சிரிக்கவில்லை என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.