வரியே கட்டாதவருக்கு வரிச்சலுகை

1. திரும்பி வந்த கடிதம்

ஊதிய உயர்வுக் கடிதங்களைக் கொடுத்த மறுநாள், முதல் ஷிஃப்ட் முடிந்த கையோடு முனிராஜ் பர்சனல் ஆபீசுக்கு வந்தார். கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். உறை பிரிக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“மேடம், இந்த இன்கிரிமென்ட் எனக்கு வேணாங்க. பழைய சம்பளமே இருக்கட்டும்.”

சம்பளம் போதவில்லை என்று வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் அவர்தான் முதல்.

இது 2007-ல் நடந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு ஆலையில் நான் உதவிப் பணியாளர் அதிகாரி. சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருமான வரிப் பிடித்தம், ஃபாரம் 16 எல்லாம் என் பொறுப்பு. விருதுநகர் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தவள். முனிராஜ் சி.என்.சி. மிஷின் ஆபரேட்டர், ஒன்பது வருட சர்வீஸ். பேரிகையிலிருந்து தினமும் பைக்கில் வருவார். வீட்டில் தெலுங்கு, உற்பத்தி லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். எந்த மொழியிலும் அதிகம் பேசாதவர்.

“உட்காருங்க முனிராஜ். என்ன ஆச்சு?”

“பத்தாயிரம் தாண்டிட்டா இ.எஸ்.ஐ. போயிடும்னு சொல்றாங்கோ. நிஜமாங்க?”

“நிஜம்தான். அக்டோபர்ல இருந்து உங்களுக்குப் பிடிக்க மாட்டோம்.”

“பிடிங்க மேடம். நான் வேணாம்னு சொல்லலியே.”

அப்போது இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மாதம் பத்தாயிரம். அதற்குள் இருப்பவரிடம் நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் பிடிப்போம். கம்பெனி தன் பங்கைக் கட்டும். பதிலுக்குத் தொழிலாளிக்கும், மனைவி மக்களுக்கும், அவரை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கும். வரம்பைத் தாண்டினால் திட்டத்தை விட்டு வெளியே. அந்த வருட ஊதிய ஒப்பந்தத்தில் பதினான்கு பேர் தாண்டினார்கள். முனிராஜ் தாண்டியது முந்நூற்றைம்பது ரூபாயில்.

2. நான் சொல்லிக் கொடுத்த பாடம்

இந்தப் பதினான்கு பேருக்காக முந்தின வாரமே கேன்டீனில் ஒரு கூட்டம் போட்டிருந்தோம். ஏற்பாடு ஜி.எம்.முடையது. பேசியது நான். இ.எஸ்.ஐ. போனால் என்ன, தனியார் மெடிக்ளெய்ம் எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் எண்பது டி பிரிவில் வரிச்சலுகை இருக்கிறது. இந்த வருட பட்ஜெட்டில் அந்த வரம்பைப் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரமாகக் கூட்டியிருக்கிறார்கள். கட்டுகிற பிரீமியத்தில் ஒரு பகுதி வரியில் திரும்பிவிடும் என்று திரை போட்டு விளக்கினேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் குடும்பத்துக்கு நானே பாலிசி எடுத்திருந்தேன். எனக்குப் பிரீமியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரியில் மிச்சமாகிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையில் முனிராஜிடமும் அதையே திருப்பிச் சொன்னேன்.

“அதுக்குத்தான் மெடிக்ளெய்ம் இருக்கு முனிராஜ். கூட்டத்துல சொன்னேனே. கட்டுற காசுல கொஞ்சம் வரியில திரும்பி வந்துடும்.”

அவர் மெதுவாகக் கேட்டார்.

“எனக்கு எப்போ மேடம் வரி பிடிச்சீங்க?”

சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான். அவருக்கு வரிப் பிடித்தம் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதையும் எண்பது டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று அவர் எதிரிலேயே போட்டுப் பார்த்தேன். புதிய சம்பளத்தை வருடம் முழுக்க வாங்கினாலும், பி.எஃப்.பையும் அவருடைய சின்ன ஆயுள் காப்பீட்டையும் கழித்தால் வரி கட்டும் எல்லைக்குள்ளேயே அவர் வரவில்லை. வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? மற்றப் பதிமூன்று பேருக்கும் பார்த்தேன். ஒருவருக்கு மட்டும் சொற்பமாக ஏதோ வந்தது. மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை.

அவர் குடும்பத்துக்குக் காப்பீட்டு முகவர் சொல்லியிருந்த பிரீமியமோ ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

“வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

“வீட்டுக்காரிக்கு மேடம். நெஞ்சுல வால்வு சுருங்கிக் கீதாம். பலூன் வெச்சு விரிக்கணும்னு சொல்லிக்கிறாங்க. இ.எஸ்.ஐ.ல மெட்ராசுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. தேதி வரல.”

3. அந்த ஒரு கட்டம்

மெடிக்ளெய்ம் முகவரை அடுத்த நாளே வரச்சொன்னேன். முனிராஜையும், முடிந்தால் மனைவியையும் வரச்சொன்னேன். அவருடன் மனைவி ரத்னா வந்தார். முப்பது வயதுக்குக் கீழே. பேரிகைப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலை. மூச்சு வாங்குவதால் ஆறு மாதமாகப் போகவில்லை. எங்கள் ஆபீஸ் முதல் மாடி. பதினெட்டுப் படி ஏறி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, பேசத் தொடங்குவதற்குள் முகவர் பாதி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டார்.

ஒரு இடத்தில் அவர் பேனா நின்றது. ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற கட்டம்.

“இதை எழுதினா வால்வு சம்பந்தமா எதுவுமே கிடைக்காது சார். சில வருஷம் போகணும். பிரீமியத்தையும் ஏத்துவாங்க,” என்றார் முகவர். பிறகு குரலைத் தாழ்த்தி, “இல்லன்னு போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி போய்க்கலாம்,” என்றார்.

முனிராஜ் என்னைப் பார்த்தார். நான் அதிகாரி, வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பெண் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே, எழுதாமல் விட்டால்தான் என்ன என்று நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

பேசியது ரத்னாதான்.

“ஆஸ்பத்திரி சீட்டு எல்லாத்துலயும் ரெண்டு வருசத் தேதி கீதுங்க. நாளைக்கு அவங்க கேட்டா?”

“அதெல்லாம் யாரும்மா பார்க்கப்போறா?”

“காசு வாங்குறப்போ பாக்க மாட்டாங்க. குடுக்குறப்போ பாப்பாங்க. என்னப் படுக்க வெச்சுட்டு அப்புறமா இல்லன்னு சொன்னாங்கன்னா, இவரு எங்க போயி நிப்பாரு?”

முகவர் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வருத்தமாகத்தான் வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மாதக்கடைசி, இலக்கை எட்ட வேண்டும்.

கிளம்பும்போது ரத்னா என்னிடம், “சம்பளத்த ஏத்தாம உட்ருங்க மேடம். அதுதான் எங்களுக்கு உபகாரம்,” என்றார்.

4. நவம்பர் முதல் தேதி

ஒப்பந்தப்படி வரும் உயர்வை ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யூனியனும் விடாது, நாங்களும் விட முடியாது. இரண்டு நாள் பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த விதிதான். ஆனால் அதை இப்படி யோசித்ததில்லை.

இ.எஸ்.ஐ.யில் வருடம் இரண்டு பருவம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பருவம் தொடங்கும் நாளில் வரம்புக்குள் இருப்பவர், நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தப் பருவம் முடியும்வரை திட்டத்தில் இருப்பார். எங்கள் உயர்வு அமலாகும் தேதி அக்டோபர் ஒன்று. அதாவது பருவத்தின் முதல் நாளிலேயே பதினான்கு பேரும் வெளியே. அதுவே நவம்பர் ஒன்று என்றிருந்தால் மார்ச் வரை உள்ளே. வெளியே போனவருக்கும் சில மாதம் மருத்துவப் பலன் நீளும் என்பது உண்மை. ஆனால் ரத்னாவுக்குத் தேதி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், ஒரு பருவம் கூடுதலாகக் கிடைப்பது பெரிய விஷயம்.

ஜி.எம்.மிடம் போனேன். தஞ்சாவூர்க்காரர். கோபப்பட மாட்டார்; சுலபத்தில் சம்மதிக்கவும் மாட்டார்.

“என்ன தேன்மொழி, தேதியை மாத்தணும்ங்கற. பதினாலு பேருக்கு ஒரு தேதி, மத்தவாளுக்கு ஒரு தேதியா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்ன சொல்லுவ?”

“அவங்களே எழுதிக் கொடுத்தா ஒப்பந்தத்துக்கு ஒரு இணைப்பு போட்டுக்கலாம் சார். யூனியனும் கையெழுத்துப் போடணும்.”

“நீதானே மெடிக்ளெய்ம்ல வரி மிச்சம்னு கூட்டத்துல பேசின?”

“பேசினேன் சார். அது எனக்கும் உங்களுக்கும்தான் மிச்சம். அவங்களுக்கு வரியே கிடையாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இது எனக்கும் தோணலயே,” என்றார்.

யூனியன் செயலாளர் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. “போராடி வாங்கின ஏத்தத்துல ஒரு மாசத்த நாங்களே வுட்டுக் குடுக்கறதா? நாளைக்கு இதையே பழக்கமாக்கிருவீங்க,” என்றார். அவர் பயம் நியாயமானது. இந்த ஒரு முறை மட்டும் என்று இணைப்பிலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பதினான்கு பேரில் பதினொருவர் தள்ளிவைக்கச் சம்மதித்தார்கள். மூன்று பேர் அக்டோபரிலேயே வேண்டும் என்றார்கள். அது அவர்கள் விருப்பம்.

பிப்ரவரியில் ரத்னாவுக்குத் தேதி வந்தது. முனிராஜ் பத்து நாள் லீவு எழுதினார். திரும்பி வந்த அன்று ஷிஃப்டுக்கு முன்னால் ஆபீஸ் வாசலில் நின்று, “ஆச்சுங்க மேடம். நடக்குது. படி ஏறுது,” என்று மட்டும் சொல்லிவிட்டு லைனுக்குப் போனார்.

அந்த மூன்று பேரில் ஒருவரின் அப்பாவுக்கு ஜூலையில் பக்கவாதம் வந்தது. அதற்குள் பலன் நீளும் மாதங்களும் தீர்ந்திருந்தன. தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிங்காரப்பேட்டைப் பக்கம் இருந்த நிலத்தில் பாதியை விற்றார். நவம்பருக்குச் சம்மதித்திருந்தால் என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்தேன்.

5. கம்பெனி கட்டிய பிரீமியம்

மார்ச் முடிவதற்குள் வேறு வழி செய்ய வேண்டியிருந்தது. ஜி.எம்.மிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன். வரிச்சலுகை வரி கட்டுகிறவருக்குத்தான் உதவும். இந்த ஆலையில் உண்மையாக வரி கட்டுவது கம்பெனி. ஆகவே பிரீமியத்தைக் கம்பெனி கட்டட்டும். ஊழியர் காப்பீட்டுக்குக் கொடுப்பது கம்பெனிக்குத் தொழில் செலவு, வரியில் கழியும். வரம்பைத் தாண்டியவர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்துக் குழுவாக எடுத்தால் விலை குறையும். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கூடுதல் பிரீமியத்தில் சம்மதிப்பார்கள். இதுதான் குறிப்பின் சாரம்.

தலைமை அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்த் திரும்பி வந்து, மூன்றாம் முறை ஒப்புதலானது. ஆகஸ்டிலிருந்துதான் எல்லோருக்கும் அட்டை வந்தது. ரத்னாவின் பெயரும் வால்வு நோயும் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் வருடம் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை ஏற்றியது. ஆர்டர் குறைந்திருந்த சமயம். பெற்றோருக்கான பங்கைத் தொழிலாளர்களே கட்ட வேண்டும் என்று கம்பெனி சொன்னது. முந்தின வருட பட்ஜெட்டில் பெற்றோர் பிரீமியத்துக்குத் தனி வரிச்சலுகை வந்திருந்தது. அலுவலக ஊழியர்களான நாங்கள் அதைச் சந்தோஷமாகப் பயன்படுத்தினோம். லைனில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெற்றோர் பெயரை அடித்துக் கொடுத்தார்கள். முனிராஜும் தன் அம்மாவின் பெயரை அடித்தார். அந்தப் படிவத்தை நான்தான் வாங்கிவைத்தேன். பிறகு 2010-ல் இ.எஸ்.ஐ. வரம்பு பதினைந்தாயிரமானது. பெயர் அடிக்கப்பட்டவர்களில் பலர் அந்த வழியாகத் திரும்ப உள்ளே வந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒரு சலுகையைத் தொழிலாளிக்கு விளக்கப் போகும் முன், அது அவர் சம்பளச் சீட்டில் எந்த இடத்தில் வந்து இறங்குகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். இறங்க இடமில்லை என்றால் அது அவருக்கான சலுகை அல்ல. வரிச்சலுகை என் குடும்பத்துக்குக் காப்பீட்டைக் கொஞ்சம் மலிவாக்கியது. நான் அது இல்லாமலும் கட்டியிருப்பேன். கட்ட முடியாதவர்களை அது எட்டவே இல்லை.

ரத்னாவுக்குச் சிகிச்சை நடந்ததில் என் பங்கைச் சிலர் பாராட்டினார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. ஒரு பெண்ணின் இதயத்துக்கான உத்தரவாதம், ஒரு கடிதத்தில் அக்டோபர் என்றிருப்பதா நவம்பர் என்றிருப்பதா என்பதைப் பொறுத்திருந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். முதல் தடவை அடித்தபோது தேதியை இரண்டாவது முறை நான் பார்க்கவே இல்லை.