சங்கத்து இணையத்தளத்துக்கு யார் கையில் சாவி?

ஊர்ச் சங்கங்களுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கிற தொழிலில் கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டுவது கால்வாசி வேலைதான். மிச்சமெல்லாம் நாம் யாருடைய ஆள் என்று விளக்கிக்கொண்டிருப்பது. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

டவுனில் இணையம் பார்க்கிற நெற் கடைகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டிய காலம். நான் ஹட்டனில் சின்னதாக ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றுக்குப் பொதுவான சமூக நலச் சங்கம் ஒன்று என்னைத் தேடி வந்தது. சங்கத்துக்கு இணையத்தளம் வேண்டும். அதில் மக்கள் முறைப்பாடு எழுதிப் போட ஒரு பக்கம் வேண்டும். செயற்குழு அதை வாசித்து, சங்கத்தின் பெயரில் உரிய அரசாங்கத் திணைக்களத்துக்கு அனுப்பும். உள்ளடக்கத்தை அவர்களே ஏற்றி இறக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள் மூன்றைப் பரீட்சித்து, எது நல்லது என்று நான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன்.

முதல் முறைப்பாடு

செயற்குழுவில் புஷ்பலதா என்று ஒருவர் இருந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் அவர் கைக்குக் கிடைத்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாருடைய தபாலும் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஆபீசில் போய்க் கேட்டால் அப்பாவின் வேலைக்கு வினை வருமோ என்று வீட்டில் பயம். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லித் திணைக்களத்துக்குத் தனியாக எழுதிப் பார்த்தார், பதில் இல்லை. சங்கத்தின் பெயரில் போனால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், சங்கத்துச் செயலாளர் ராஜரத்தினம்தான் அந்தத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். தபால் பையைப் பிரிப்பவரும் அவர்தான். முதல் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது புஷ்பலதா என்னை நிறுத்தினார்.

“சேர், மொத முறைப்பாடு என்னோடதுதான். ஆனா யாரு யாரு பாப்பாங்கன்னு தெரியாம ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்.”

சும்மா கொடுப்பவர்

சங்கத் தலைவர் மாரிமுத்து தலவாக்கலையில் தையல் கடை வைத்திருந்தார். மென்பொருள் இலவசம் என்று நான் சொன்னதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டார். தோட்டத்துக்குக் கூரைத் தகரம் சும்மா வந்தால், பின்னாலேயே ஒலிபெருக்கி கட்டின வண்டியும் வரும் என்பது அவருடைய நாற்பது வருட அனுபவம்.

உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது, யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டபடி பொறுமையாகக் கேட்டார். தலையையும் ஆட்டினார்.

“எல்லாஞ் சரி தம்பி. ஆளு எந்தத் தேர்தல்ல நிக்கிறாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

நிறப் பிரச்சினை

மூன்றையும் ஏற்றிக் காட்டினேன். முதலாவதன் முகப்பு நீலம். செயற்குழுவில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பச்சை. இப்போது மற்ற இருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது சிவப்பு, ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த நாட்டில் எந்த நிறத்துக்கு எந்தக் கட்சி என்று எனக்கும் தெரியும். ஆனால் அது மென்பொருளுக்கும் பொருந்தும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நிறத்தை மாற்றலாம், இரண்டு நிமிட வேலை என்றேன். அப்படியானால் ஏன் முதலில் இப்படிக் காட்டினீர்கள் என்று கேட்டார்கள். மஞ்சள் போட்டேன், அதற்கும் ஒரு தொழிற்சங்கம் இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரிதான் இருக்கு. இருக்கட்டும், இதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

தேடல் பெட்டி

அடுத்தது உண்மையான பரீட்சை. முதல் மென்பொருளில் புஷ்பலதாவை ஒரு பொய் முறைப்பாடு எழுதச் சொன்னேன். இல்லாத ஒரு முனியம்மா பெயரில், பீலிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதினார். ‘செயற்குழுவுக்கு மட்டும்’ என்ற கட்டத்தில் நான் சரி போட்டேன். வெளியாள் யாரும் அந்தப் பக்கத்துக்குள் போக முடியாது என்று போய்க் காட்டவும் செய்தேன். எனக்கு மகா திருப்தி.

புஷ்பலதா எழுந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த நெற் கடைக்குப் போனார். நம்முடைய தளத்தின் தேடல் பெட்டியில் முனியம்மா என்று அடித்திருக்கிறார். முறைப்பாட்டின் தலைப்பும் முதல் இரண்டு வரியும் பளிச்சென்று வந்து நின்றன. எட்டு வருடமாகக் கொம்பியூட்டர் தொழிலில் இருப்பவனுக்கு அதைச் சோதிக்கத் தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. புஷ்பலதா அதை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“கதவுக்குப் பூட்டு நல்லாத்தான் இருக்கு சேர். ஜன்னல யாரு மூடுறது?”

செயலாளர் வந்தார்

இரண்டாவது மென்பொருள் தமிழ் எழுத்துகளைப் பார்த்ததும் வெறும் கட்டங்களாகத் துப்பியதால் அதுவும் கழிந்தது. மூன்றாவது தேறியது. தேடலையும் பூட்டலாம், யார் யார் வாசிக்கலாம் என்று ஆள் ஆளாகக் குறிக்கலாம். அப்படியானால் சாவி யாருக்கு? சங்க வழக்கப்படி தஸ்தாவேஜுகள் எல்லாம் செயலாளர் கையில்தான் இருக்கும். அதை எப்படி மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ராஜரத்தினமே குடையை மடக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். அவருக்கு ஏன் சாவி இல்லை என்று சொல்வதற்கு ஒரு பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன்.

அதற்குத் தேவையே வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். புஷ்பலதாவின் கடிதம் எங்கே தங்கியது என்று தனக்கும் தெரியாது என்றார், பை தன்னிடம் வந்த அன்றே கொடுத்தனுப்பிவிட்டதாகவும் சொன்னார். நான் நம்பினேனா இல்லையா என்று என் முகத்தில் தேடினார். பிறகு எழுந்துவிட்டார்.

“எனக்கு அந்தப் பாஸ்வேர்ட் வேணாங்க. இப்பவே ஒரு பை என் கையில இருக்கு. அதுக்கே யாரும் என்னைய நேரா பாக்க மாட்டேங்கிறாங்க.”

மிச்சமிருந்த ஆள்

பாவம் என்றும் தோன்றியது, நடிப்போ என்றும் தோன்றியது. எப்படியோ, தலைவருக்கும் புஷ்பலதாவுக்கும் மட்டும் சாவி என்று முடிவானது. கடைசிக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன்: மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம், முறைப்பாடுகளை இரண்டே பேர்தான் பார்க்க முடியும். “நீங்க?” என்றார் புஷ்பலதா. நான் பார்க்க மாட்டேன் என்றேன். “பாப்பீங்களான்னு கேக்கல சேர். பாக்க முடியுமான்னு கேட்டேன்.”

கோபம் வந்தது. இரண்டு மாதம் மழையில் பஸ் ஏறி இறங்கினவன் நான். ஆனால் இந்த இரண்டு மாதமும் நான் சந்தேகப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை, என்னைத் தவிர. முடியும் என்று ஒப்புக்கொண்டேன். பழுது பார்க்க வசதியாக எனக்கென்று ஒரு சாவி வைத்திருந்தேன். நாம் எல்லாரும் வைப்பதுதான், அறிக்கையில் எழுதுவதில்லை. அவர்கள் கண் முன்னாலேயே அதை அழித்தேன். தளம் இருக்கிற சேவையகத்தின் கணக்கையும் ஒப்படைத்தேன். புதிய கடவுச்சொல்லை அவர்கள் அடிக்கும்போது என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

“திரும்பாதீங்க சேர், இன்னும் முடியல.”

ஒரு பழுப்பு உறை

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இரண்டரை மாதம் கழித்து, அரசாங்கப் பழுப்பு உறை ஒன்று என் வகுப்புக்கு வந்தது. மேலே புஷ்பலதாவின் பெயர், கீழே என் வகுப்பின் விலாசம். முறைப்பாட்டுப் பக்கத்தில் ‘பதில் அனுப்ப வேண்டிய விலாசம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவர் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைவரின் கடைக்குப் போன் பண்ணினேன். அடுத்த பஸ்ஸிலேயே புஷ்பலதா வந்துவிட்டார். உறையை அவசரமாக வாங்கினார். ஆனாலும் உடனே பிரிக்கவில்லை. உறையைத் திருப்பி, பசை ஒட்டின இடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கிழித்தார். இன்னும் பதினொரு நாளில் நேர்முகப் பரீட்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது; கீபோர்ட்டைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து, வாசல்வரை போனவர் திரும்பினார்.

“ஒட்டுப் பிரிக்கல. பாத்துட்டேன் சேர். அடுத்த கடுதாசியும் இங்கயே வரட்டும்.”

மூன்று மென்பொருள்களைப் பரீட்சித்த நான் ஆறு பக்கத்தில் அறிக்கை கொடுத்தேன், என்னைப் பரீட்சித்தவர்கள் ஒரு வரிகூடத் தரவில்லை, இப்போது பாதி லயத்தாரின் தபாலை மட்டும் என் விலாசத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.