எட்டுப் பேரை உட்கார வைக்கும் தொழில்

இல்லாத எட்டுப் பேரை இல்லாத ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டு, யாருக்கு இடப்பக்கம் யார் என்று எதிரே இருக்கிற பிள்ளைகளைக் கேட்டு அவர்கள் மண்டையைக் காய வைப்பதுதான் என் தொழில். போட்டித் தேர்வு எழுதியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எழுதாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் பயிற்சி மையம் இருக்கிறது. கணக்குக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், ரீசனிங் என் தலையில். நானும் வங்கித் தேர்வை எழுதி எழுதி, வயது வரம்பு தாண்டியதும் வேறு வழியில்லாமல் பெஞ்சிலிருந்து எழுந்து போர்டு பக்கம் வந்தவன்தான். என்னோடு சேர்ந்து எழுத ஆரம்பித்தவன் சாதிக். என்னைவிடச் சின்னவன் என்பதால் அவனுக்கு மட்டும் ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது.

புதிரை விடுவிப்பதில் இந்த மாவட்டத்திலேயே அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படியும் ஒவ்வொரு வருஷமும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுவான். அவனுடைய அப்பா, அவர்கள் வீட்டு வழக்கில் அத்தா, கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். இந்த முறையும் வரவில்லை என்றால் நேராகக் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான் என்று அவன் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தா வாயே திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்றே சாதிக் எடுத்துக்கொண்டான். நானும்தான். எனக்குக் கிடைக்காதது அவனுக்காவது கிடைக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆப்ஷனில் இல்லாத உறவு

ரத்த உறவுக் கணக்கு என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும். போட்டோவில் இருப்பவரைக் காட்டி ஒருத்தி, "இவர் என் அம்மாவின் ஒரே தம்பி" என்கிறாள், அப்படியானால் அவர் அவளுக்கு யார்? இருப்பதிலேயே சுலபமான கேள்வி. முதல் வாரத்தில் பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று இதைத்தான் போடுவேன். சங்கராபுரத்திலிருந்து வரும் தனம் படக்கென்று எழுந்து, வீட்டுக்காரர் என்றாள். வகுப்பே சிரித்தது. தனம் சிரிக்கவில்லை. அவள் கட்டிக்கொண்டிருப்பது சொந்தத் தாய்மாமனை என்று பக்கத்திலிருந்தவள் மெதுவாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கேள்வி தயாரிப்பவர்கள் நம் பக்கத்துக் கல்யாணங்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான் சமாளிப்பதற்குள் கடைசி பெஞ்சில் பயிற்சிக்கு உட்கார்ந்திருந்த சாதிக் எழுந்து வந்து, தனத்தின் மாமியார் யார், பாட்டிதானே, அப்படியானால் அவள் அம்மாவே அவளுக்கு நாத்தனார் ஆகிறாரே என்று போர்டில் கோடு இழுக்க ஆரம்பித்தான். கோடு எங்கே சுற்றியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மிச்ச வகுப்பு முழுக்க அவனை போர்டிலிருந்து நகர்த்த முடியவில்லை. கடைசியில் நான், பரீட்சையில் தாய்மாமன் என்று மட்டும் போட்டுவிடம்மா, வீட்டுக்காரர் என்பது ஆப்ஷனிலேயே இருக்காது என்று கெஞ்சினேன். தனம் புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னாள்:

"ஆப்ஷன்ல இல்லன்றதுக்காக வூட்டுக்காரர மாத்தவா சார் முடியும்?"

ஏற்றமா, இறக்கமா

திசைக் கணக்கில் ரவி என்று ஒருவன் காலங்காலமாக நடந்துகொண்டிருக்கிறான். வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து, வலப்பக்கம் திரும்பி மூன்று கிலோமீட்டர் நடந்து, மறுபடி திரும்பி என்று அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். எதற்காக நடக்கிறான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மலர் மட்டும் கையைத் தூக்கி, அந்த ஐந்து கிலோமீட்டரும் ஏற்றமா இறக்கமா என்று கேட்டாள்.

அது சமதரைதான் என்றேன். சரி என்று உட்கார்ந்தவள், மறுபடியும் எழுந்தாள். அவர்கள் ஊருக்குப் போக வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். இறங்கின இடத்தில் நின்று பார்த்தால் ஊர் தெரியும், கூப்பிட்டால்கூடக் கேட்கும், ஆனால் நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றாள். நான் போர்டில் முக்கோணம் வரைந்து, ரவி புறப்பட்ட இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நேராகக் கோடு போட்டு விடையைச் சொன்னேன். மலரும் அதே விடையைத்தான் எழுதியிருந்தாள், அவளுக்குக் கணக்கில் சந்தேகமே இல்லை. அந்தக் கோட்டைக் காட்டிச் சொன்னாள்:

"இந்த மாரி நேரா ஒரு ரோடு இருந்தா, நா ஹாஸ்டல்ல எதுக்கு சார் தங்கறேன், தெனம் வூட்டுக்கே போய் வந்துடுவனே."

பேப்பரில் நடந்த பந்தி

சாதிக்கின் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக் கூடத்தில் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பெரிய மாமாவுக்கும் சின்ன மாமாவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். எதிரெதிராகவும் உட்கார மாட்டார்கள், முகத்தைப் பார்க்க வேண்டி வரும். சம்பந்திக்கு ஃபேன் காற்று ஆகாது. அவர் தம்பிக்கு வாசல் தெரிய வேண்டும், புது பைக்கை வெளியே நிறுத்தியிருந்தார். இந்த நிபந்தனைகளையெல்லாம் கேட்டதும் சாதிக்கின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

நிச்சயதார்த்தப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அழகாகத்தான் விடை வந்துகொண்டிருந்தது, அதற்குள் சம்பந்தி வீட்டார் கூடுதலாக ஒரு சித்தப்பாவை அழைத்து வந்துவிட்டார்கள். முதலிலிருந்து ஆரம்பித்தான். இதற்கிடையில் பசித்தவர்கள் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. இரண்டு மாமாக்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பேசாமலேயே ஒருவருக்கொருவர் தயிர்ப்பச்சடியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தா மகனுக்கு முன்னால் வந்து நின்று பத்திரிகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரியாணி ஆறிப் போவுது, நீ இன்னும் பேப்பர்லயே உக்கார வெச்சிக்கினு இருக்கியே."

விட்டுவிட்டுப் போவது எப்படி

இப்போது உங்களுக்கு அவன் நோய் புரிந்திருக்கும். சக நோயாளிகள் உடனே கண்டுபிடித்திருப்பீர்கள். கேள்வி வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று நாங்கள் எல்லா வகுப்பிலும் தொண்டை வறளக் கத்துகிறோம். சாதிக்கும் தலையாட்டுவான். தேர்வில் ஒரு பெரிய புதிர் வந்துவிட்டால் போதும், அவனைப் பொறுத்தவரை உலகத்தில் வேறு கேள்வியே இல்லை. அவன் ஒவ்வொரு வருஷமும் கீழே நின்றது இதனால்தான்.

கடைசித் தேர்வுக்கு முன் மையத்தில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு முரட்டுப் புதிரைச் சொருகினேன். மலர் அதைப் படித்தாள், உதட்டைப் பிதுக்கினாள், தாண்டிப் போய்விட்டாள். சாதிக் அதிலேயே குடியேறினான். வகுப்பிலேயே அந்தப் புதிரை முழுசாகப் போட்டவன் அவன் ஒருத்தன்தான், கடைசி மார்க்கும் அவன்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது கடைசி வாய்ப்பு, ஞாபகம் இருக்கிறதா, கல்லாவில் உட்காரத்தான் ஆசையா என்று பிள்ளைகள் எதிரிலேயே சத்தம் போட்டுவிட்டேன். அவன் கோபப்படவே இல்லை. நிஜமாகவே விளங்காமல் என்னைக் கேட்டான்:

"வராத கேள்வியன்னா வுட்டுடலாம், வர்ற கேள்விய எப்பிட்றா வுடறது?"

மரத்தடியில் நாங்கள் இருவர்

மெயின் தேர்வுக்கு சேலத்தில் சென்டர் போட்டிருந்தார்கள். சின்னசேலம் போய் ரயில் ஏறினோம். அத்தா கடையை அடைத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தைத் தவிர வேறு எதற்கும் கடையை அடைக்காத மனுஷர். ரயிலில் மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இட்லிப் பொட்டலத்தை மட்டும் பிரித்து அவன் கையில் கொடுத்தார். சாதிக் உள்ளே போனதும் நாங்கள் இருவரும் எதிரேயிருந்த வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. என் தேர்வுக்குக்கூட நான் அப்படித் தவித்ததில்லை.

சாதிக் வெளியே வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. ரெண்டு வரிசையாக எட்டுப் பேர், ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நிறம், அருமையான புதிர் என்று ஆரம்பித்தான். போச்சு, மறுபடியும் குடியேறிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் கதை வேறு மாதிரிப் போனது. அதற்கு முந்தைய கேள்விக்கே ரஃப் தாள் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டதாம். கை தூக்கி இன்னொரு தாள் கேட்டிருக்கிறான். கண்காணிப்பாளராக இருந்த அம்மா, எடுத்து வரச் சொல்கிறேன் என்று போனவர், சீக்கிரம் வரவில்லை. தாள் இல்லாமல் எட்டுப் பேரை எங்கே உட்கார வைப்பது? சும்மா இருப்பானேன் என்று மிச்சமிருந்த ரீசனிங் கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு முடித்திருக்கிறான். அவர் தாளோடு வந்து சேர்ந்தபோது அந்தப் பகுதிக்கான நேரம் முடிந்து, கம்ப்யூட்டர் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. அந்தம்மா மேல் புகார் எழுதப் போவதாக சாதிக் குதித்தான். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து பேசாத அத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார்:

"அந்தம்மா புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்."

கல்லா

ரிசல்ட் வந்த அன்று சாதிக்கின் எண்ணை நான்தான் என் போனில் தட்டினேன். தேர்வாகியிருந்தான். படியில் இறங்கி கடைவீதிக்கு ஓடினேன். வழியில் யார் மேல் இடித்தேன் என்று தெரியாது. மனசில் பல வருஷமாகக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டது போல் லேசாக இருந்தது. என் பெயரே அந்தப் பட்டியலில் வந்திருந்தால்கூட அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்குமா, தெரியவில்லை.

அத்தா கல்லாவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். ஒரே மகன் கடைக்கு வராமல் போகிறானே என்று வருத்தம் இருக்கும் என்று நினைத்து, கடையைப் பற்றிக் கவலைப்படாதீங்க அத்தா, லீவு நாளில் வந்து பார்த்துக்கொள்வான் என்று ஆறுதல் சொன்னேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லீவுல கூட இந்தப் பக்கம் வர வேணாம்னு நீயே சொல்லிடுப்பா. ஒரு வேள தேறாம போயி இவன் கல்லாவுல வந்து உக்காந்துடுவானோன்ற பயத்துலதான் இத்தினி நாளும் எனக்குத் தூக்கமே இல்ல. அண்டா வாங்க வர்றவன் பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சி பேரன் பொறந்துடுவான், இவன் இன்னும் எந்த அண்டாவுக்குப் பக்கத்துல எந்த அண்டான்னு அடுக்கிக்கினு இருப்பான்."

ஆகவே, சக நோயாளிகளே, இப்போதெல்லாம் என் வகுப்பில் ரஃப் வேலைக்கு ஆளுக்குக் கால் தாள்தான், அழுதாலும் இரண்டாவது கிடையாது.