சகலனுக்குக் கொடுத்த விளக்கு

என் சகலன், அதாவது மனைவியின் அக்காவுடைய கணவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருவரும் வடமராட்சிக் கரையில் ஒரே முதலாளியிடம் வேலை செய்தோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறக்கி, அடியில் கிடக்கும் பழைய கப்பலைக் காட்டுவது தொழில். சுழியோடுவதில் நான்தான் கெட்டிக்காரன். ஆனால் மாமனார் வீட்டில் அது எடுபடாது. காணி எல்லையோ கலியாணப் பேச்சோ, "மூத்த மருமோனைக் கேட்பம்" என்பார் மாமனார். நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார்.

கப்பலின் வயிற்றுக்குள் நடுப்பகலிலும் இருட்டுத்தான். உள்ளே போகிறவன் கையில் ஒரு விளக்கும், அது அணைந்தால் எடுக்க மார்பில் இன்னொன்றும் வைத்திருக்க வேண்டுமென்று முதலாளி சொல்லிவிட்டார். இரண்டாவதை நாங்களே வாங்க வேண்டும். நல்ல வெளிநாட்டு விளக்கு எங்களுக்குக் கட்டாது. மலிவில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம்.

மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் சகலன் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்ஜ் பண்ணுறது வேண்டாம் தம்பி. ஒருநாள் மறந்தால் சரி. சாதாரண பற்றரி போடுறதாப் பாப்பம். உந்த அமத்துற சுவிச்சும் கூடாது, தண்ணி உதுக்குள்ளாலைதான் பூரும். தலையைத் திருகிப் பத்த வைக்கிறது இருக்கோ, பிள்ளை?" என்று கடைப்பெண்ணைக் கேட்டார்.

அவர் சொன்னதெல்லாம் சரி. அதனால்தான் எனக்கு எரிந்தது.

"அண்ணை, கப்பலுக்குள்ளை போறியளோ, பிள்ளைப்பெறப் போறியளோ? உவ்வளவு ஆயத்தம்!" என்றேன். கடைப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவரும் சிரித்தார். "எனக்கு இருட்டெண்டால் பயம், தம்பி."

தலை திருகும் மலிவு விளக்குகள் இரண்டை வாங்கினோம். இரண்டையும் என்னிடம் தந்தார். "நீயே சோதிச்சுப் பாத்துக் கொண்டு வா. தண்ணிக்குள்ளை விசயம் உனக்குத்தான் விளங்கும்."

வீட்டில் கல்லைக் கட்டி இரண்டையும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். காலையில் ஒன்று காய்ந்தபடி இருந்தது. மற்றதன் கண்ணாடிக்கு உள்ளே கடுகளவு நீர்த்துளி. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் சரியாக இருக்கவில்லை. கடைக்குப் போனால் மாற்றித் தந்திருப்பார்கள். நான் அதன் வெளிப்புறத்தைத் துடைத்துச் சகலனிடம் கொடுத்தேன்.

தெரிந்துதான் கொடுத்தேன். அவர் சாக வேண்டுமென்று நினைக்கவில்லை. உள்ளே விளக்கு அணைய வேண்டும், அவர் பதற வேண்டும், நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவர வேண்டும், அதை மாமனார் வீட்டில் சொல்லிச் சிரிக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. அவருடைய பழைய கைவிளக்கு அரை மணித்தியாலம் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும்.

வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு போவதற்குக் கப்பலுக்குள் கயிறு கட்டும் வேலை அன்று. நான் கயிற்றோடு முன்னே போனேன், அவர் பின்னால். இரண்டாவது அறையில் பின்னாலிருந்து வந்த வெளிச்சம் நின்றது. பிறகு நான் கொடுத்த விளக்கின் சின்ன மஞ்சள் ஒளி இரண்டு தரம் துடித்தது. அதுவும் போயிற்று.

நான் திரும்பவில்லை. என் விளக்கை நெஞ்சோடு பொத்திக்கொண்டு அசையாமல் நின்றேன். பயப்படட்டும் என்று பத்து மூச்சு எண்ணினேன். பின்னால் தகரத்தில் எதுவோ மோதும் சத்தம் கேட்டது. மறுபடி மோதியது. திரும்பி வெளிச்சம் அடித்தபோது கலங்கிய சேற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

தடவித் தடவி அவரைக் கண்டுபிடிக்கும்போது தலையால் கூரைத் தகரத்தை இடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு இழுத்து வந்தேன். கடல் வெளிச்சத்தைக் கண்டதும் என் கையை உதறிவிட்டு ஒரே மூச்சில் மேலே பாய்ந்தார். அந்த ஆழத்திலிருந்து அப்படிப் போகக்கூடாது; போனால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கைகால் விளங்காமல் போய்விடும். காலைப் பிடிக்க எட்டினேன், கிடைக்கவில்லை.

வள்ளத்தில் படுத்திருந்தவர், "தம்பி, வலது காலைக் காணேல்லை" என்றார். கால் இருந்தது, அதில் உணர்வுதான் இல்லை.

அதற்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை தெற்கே, ஒரு பகல் ஓட்டம். போய்ச் சேரும்போது நேரம் கடந்துவிட்டது. இப்போது தடியூன்றி, அந்தக் காலை இழுத்து இழுத்து நடக்கிறார். மாமனார் வீட்டில் நான் உயிர் காத்தவன். நல்லது கெட்டது எதற்கும் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டு வருடம் பொறுத்து, ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். துளியைக் கண்டதைச் சொன்னேன். பத்து மூச்சையும் சொன்னேன்.

அவர் தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"துளியை நானும் கண்டனான்," என்றார் பிறகு. "மார்பிலை கட்டேக்கை கண்டனான். நீ சோதிச்சுத் தந்தது, பிழை இராதெண்டு நினைச்சன். அது என்ரை மடைத்தனம். ஆனால் பத்து மூச்சு..."

குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும். உங்களுக்கெண்டு நண்டு காய்ச்சினனான்."

நான் எழுந்தேன். சகலன் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"இரு. அவளுக்கு ஒண்டும் சொல்லாதை, தாங்கமாட்டாள். இருந்து சாப்பிடு. ஒவ்வொரு ஞாயிறும் வந்து சாப்பிடு. நான் பாத்துக்கொண்டிருப்பன்."

போகிறேன். அக்கா முதலில் எனக்குத்தான் பரிமாறுகிறாள். அவர் எதிரே இருந்து, நான் கையைக் கழுவும்வரை கண்ணை எடுப்பதில்லை.