முதல் தட்டு

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் இருந்த ஒரு சிறிய சோதனை நிறுவனத்தில் எனக்கு வேலை. துணைமின் நிலையங்களுக்குப் போய், மின்பாதையில் கோளாறு வந்தால் பிரேக்கர் எவ்வளவு வேகமாகத் துண்டிக்கிறது என்று அளந்து எழுதவேண்டும். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் கண்டதற்கெல்லாம் போடமாட்டேன்.

மயிலாப்பூர் துணைமின் நிலையத்தில் ஒரு பிரேக்கர் எட்டு மாதமாக அசையாமல் கிடந்தது. அளவுக் கருவியை மாட்டிய பிறகுதான் அதைத் தட்டி இணைப்பைத் துண்டிக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆபரேட்டர் சிரித்தபடி வந்தார்.

"நாலு தபா தட்டி, தொறந்து மூடி உட்டேம்மா. சும்மா கெடந்தா புடிச்சிக்கும். இப்போ நைசா போவுது, உனுக்கும் வேல சுளுவு."

அன்பாகத்தான் செய்திருந்தார். அதற்குப் பின் எடுத்த அளவுகள் எல்லாம் அழகாக வந்தன. உதவிப் பொறியாளர் பேனாவை நீட்டினார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? போட்டுட்டுப் போங்க மேடம்."

"எனக்கு முதல் தட்டுதான் சார் வேணும். கோளாறு வர்ற அன்னிக்கு யாரும் நாலு தடவை தட்டிப் பழக்க மாட்டாங்க."

"அப்ப ஏரியாவுக்கே கரண்டை நிறுத்துனது வீணா?"

"ஆமா சார்."

'முதல் இயக்கம் பதிவாகவில்லை. நிலை தெரியவில்லை' என்று எழுதி அதன் கீழேதான் கையெழுத்திட்டேன். அன்று யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அலுவலகத்திலும், "உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு?" என்றார் மேலாளர். மறுபடி அசையாமல் கிடந்தால்தான் முதல் தட்டு கிடைக்கும் என்பதால் அடுத்த சோதனையை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அந்த ஆறு மாதமும் மழைக்கு மின்சாரம் போனால், வீட்டில் எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள். நான் மட்டும் அந்த பிரேக்கரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன யோசனை என்று கேட்க அங்கே ஆளில்லை.

இரண்டாம் முறை போனபோது ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை. என் பக்கமும் வரவில்லை. பிரேக்கரின் கட்டுப்பாட்டுக் கம்பியில் கருவியை மாட்டிவிட்டுக் கை காட்டினேன். தட்டினார்கள். துண்டிக்க எடுத்த நேரத்தைக் காட்டித் தாளில் விழுந்த கோடு, இருக்கவேண்டிய நீளத்தைப்போல மூன்று மடங்கு இருந்தது. இரண்டாவது தட்டு மிகச் சரியாக வந்தது.

உதவிப் பொறியாளர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மூடியைக் கழற்றியதும் உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்துகொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். அன்றைக்கு அந்த பிரேக்கர் திரும்ப லைனில் ஏறவில்லை.

நான் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன். நீளமான கேபிள். வழக்கமாக மறுமுனையை யாராவது பிடித்துக்கொள்வார்கள்.