நெற்றியில் ஒட்டிய நோட்டு

அமெரிக்காவில் சான் ஹோசேக்கு சாஃப்ட்வேர் எழுதப் போன தேவதாஸ் வாரக்கடைசியில் டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதினார் என்றால், மார்த்தாண்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சர்ச் பேண்டில் அவர் ஊதியபோது பாதிச் சபை கொட்டாவி விட்டது. அதே மூச்சுக்கு இங்கே ஆட்கள் ஆடினார்கள். செர்பியாக்காரர் மிலான் நடத்திய பேண்டு அது. பால்கன் நாட்டுக் கல்யாணப் பாட்டில் ஜாஸைக் கலந்து, அடியில் ஃபங்க் தாளத்தை ஓடவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடுகிற சங்கீதம். அந்த ஓட்டத்துக்குக் கால் தேவதாஸின் டியூபாதான். அது நின்றால் எல்லாம் விழும்.

மனைவி ஜெயலீலாவுக்கு இதில் வெட்கம். "சாவுக்கு ஊதுற பேண்டு மாதிரி" என்பாள். கேட்க ஒரு நாளும் போனதில்லை.

2009இல் அவருக்கு வேலை போயிற்று. வேலை போனால் விசாவும் போகும். வீடும், மகள் ரெனிஷாவின் பள்ளிக்கூடமும் கூடவே போகும். நல்லவேளையாக இன்னொரு கம்பெனி அவருக்காக விசா மனுப் போட்டது.

"அப்ரூவல் வர்ற வரைக்கும் வெளியில ஒரு டாலர்கூட வாங்காதீங்க சார். வேலை பார்த்ததா எடுத்துக்குவான்" என்றார் வக்கீல் சுவாமிநாதன். அதன்பிறகு பேண்டில் கொடுத்த சாண்ட்விச்சைக்கூடத் தேவதாஸ் பயந்து பயந்துதான் தின்றார். பாவம், ஊதுவதை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஊதும்போது மட்டும்தான் அவருக்குப் பயமில்லை.

செர்பியாக்காரர்களின் பூங்கா விருந்துக்குக் கிளம்பிய அன்று, "நானும் வர்றேங்க" என்றாள் ஜெயலீலா. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

பாட்டு உச்சத்தில் இருந்தபோது தடியூன்றி ஒரு கிழவர் வந்தார். கண்ணெல்லாம் ஈரம். டாலர் நோட்டை நாக்கில் நனைத்து, தேவதாஸின் நெற்றியில் ஒட்டினார். அவர்கள் ஊரில் ஊதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. தேவதாஸுக்கும் அது தெரியும். ஆறு வருஷமாக அந்த நோட்டுக்கு ஏங்கியவர்தான் அவர்.

யாரோ போட்டோ எடுத்தார்கள். காசு வாங்கியதற்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஊதுவதை நிறுத்தி, நோட்டைப் பிய்த்துப் புல்லில் எறிந்தார். தாளம் சரிந்தது, ஆடியவர்கள் தடுமாறினார்கள். கிழவர் சிரமப்பட்டுக் குனிந்து நோட்டைப் பொறுக்கிக்கொண்டு போனார். இனி வரவேண்டாம் என்று மிலான் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

டியூபாவைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு இருவரும் ஃப்ரீவேயில் வீடு திரும்பினார்கள்.

"வாங்கியிருக்கலாமேங்க" என்றாள் ஜெயலீலா.

"விசா என்ன ஆவறது?"

அவள் அழ ஆரம்பித்தாள். "காலையிலயே லாயர் கால் பண்ணிட்டார். ரிஜெக்ட் ஆயிடுச்சாம். இன்னிக்கு ஒரு நாளாவது நீங்க நிம்மதியா ஊதட்டும்னுதான் சொல்லல."

தேவதாஸ் காரை ஓரங்கட்டினார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தப் பெரியவரைக் குனிய வச்சுட்டேனே, லீலா" என்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.